பழுது எது, தடை எது?

யாங்கோன் ஆற்றின் தென்கரையில், மாநகருக்கு எதிரே உள்ளது டாலா. அங்கு எஞ்சியிருக்கும் உறவுகளின் குரல் இன்று இணையத்தின் வழியாகவே நம்மை வந்தடைகின்றது. அக்குரல் பாதியில் அறுந்தால் நெஞ்சு பதைக்கின்றது. பதைப்பு காரணமற்றதன்று. 2021 பெப்ரவரி 1இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின், பல வாரங்கள் இரவு 1 மணி முதல் காலை 9 மணி வரை இணையம் நிறுத்தப்பட்டது. ஏப்ரலில் கம்பியில்லா அகன்ற அலைவரிசையும் துண்டிக்கப்பட்டது.

ஆயினும், ஒவ்வொரு தடங்கலையும் ஆட்சியாளர் கணக்கில் எழுதிவிடலாகாது. புதிய ரவுட்டர் பொருத்திய மறுநாளே இணைப்புத் தடுமாறினால், முதலில் வீட்டினுள் தேடுவதே முறை. ஒளியிழைப் பெட்டியின் 'லாஸ்' விளக்குச் சிவப்பாக எரிகின்றதா? பழுது இழையில், ரவுட்டர் குற்றமற்றது. எரியவில்லையெனில், கணினியைக் கம்பியால் ரவுட்டருடன் இணைத்துப் பாருங்கள். கம்பியில் சீராக இருந்து வைஃபையில் மட்டும் அறுந்தால், அயல்வீட்டு அலைகளின் நெரிசலாகலாம்; 1, 6, 11 ஆகிய தடங்களில் நெரிசல் குறைந்ததற்கு மாற்றுங்கள். கம்பியிலும் அறுந்தால், புதிய பெட்டிக்குப் பழைய அடாப்டரையே மாட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். மின்னோட்டம் போதாத பெட்டி அடிக்கடி அணைந்து எழும். இவற்றின் பின்னரே நிறுவனத்தை அழைக்க வேண்டும்.

இது வெறும் தொழில்நுட்பமன்று. பழுதைத் தடையென்று நம்பி வாளாவிருந்தால், தாயின் குரலை நாமே இழக்கின்றோம். தடையைப் பழுதென்று எண்ணிப் பொறுத்திருந்தால், உரிமையை இழக்கின்றோம். இரண்டையும் பிரித்தறியப் பழகுவோம்.