ஸ்பிட்ஃபயரின் என்ஜினை யார் கழற்றுவது?

படிப்புக்கென்று வாங்கிய கம்ப்யூட்டரில் இரவு பத்து மணிக்கு மேல் என்ன ஓடுகிறது என்பதை வார்டன் சார் இந்த மலரைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார். பரவாயில்லை. ஓடுவது விமானம். 1940-இல் இங்கிலாந்தின் வானத்தில் ஜெர்மானியரோடு மோதிய ஸ்பிட்ஃபயர்.

இதை வெறும் டைம்பாஸ் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2011-இல் வந்த 'கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்' விளையாட்டில் அறைத்தோழன் முதன்முதலாக எதிரியைத் துரத்தினான். மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தியதும் என்ஜின் இருமி அடங்கியது. "டேய், கேம்ல ஏதோ கோளாறுடா!" என்றான். கோளாறு கேமில் இல்லை. நிஜ விமானத்தில் இருந்ததை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

நம் லேபில் வெட்டி வைத்திருக்கும் கார்புரேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் என்ஜினிலும் மிதவைக் கார்புரேட்டர்தான். மூக்கு வேகமாகத் தாழ்ந்தால் பெட்ரோல் அறையின் மேற்பக்கம் ஏறிவிடும். முதலில் என்ஜின் பட்டினி கிடக்கும். அடுத்து மிதவை தடுமாறி வால்வை முழுசாகத் திறந்துவிட, பம்ப் கொட்டோ கொட்டென்று கொட்டும். என்ஜினுக்கு மூச்சு முட்டும். எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்ஷன். நம்மாள் தவிக்கும்போது அவன் ஹாயாகக் கீழே பாய்ந்து போய்விடுவான். (நம்மாள் என்று வெள்ளைக்காரனையா சொல்கிறேன்? விளையாட்டில் அவன் கட்சிதானே!)

இதைச் சமாளித்தவர் ஃபார்ன்பரோவில் வேலை பார்த்த பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் என்ஜினியர். பந்தயத்தில் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். பெட்ரோல் போகும் வழியில் துளையிட்ட சின்னப் பித்தளைத் துண்டு ஒன்றை வைத்தார். என்ஜினுக்கு அதிகபட்சம் எவ்வளவு தேவையோ அதற்கு மேல் போகாது, அவ்வளவுதான். முதல் தடுமாற்றம் தீரவில்லை. மூச்சு முட்டுவது நின்றது. 1941-இல் சிறு குழுவோடு விமானத்தளம் தளமாகப் போய்ப் பொருத்தினார்கள்.

என் குறை இங்கேதான். நகலெடுப்பவர்கள் காக்பிட்டின் ஒவ்வொரு மீட்டரையும் அச்சு அசலாக வரைகிறார்கள். அந்தப் பித்தளைத் துண்டைக் கையில் எடுத்துப் பொருத்த மட்டும் இடமில்லை. அடிபட்டு இறங்கினால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானே சரியாகிவிடுகிறது! ராத்திரி முழுக்கக் கண் விழித்து என்ஜினைக் கழற்றி மாட்டிய மெக்கானிக் எங்கே போனார்? டிப்ளமோ முடித்து நாம் போகப்போவது பைலட் சீட்டுக்கா? ஸ்பேனர் பக்கம்தானே?

"ஸ்பேனர் பிடிக்கிற கேமை எவன்டா வாங்குவான்?" என்கிறான் தோழன். 'கார் மெக்கானிக் சிமுலேட்டர்' என்று ஒன்று 2014 முதல் அடுத்தடுத்த பதிப்பாக வந்துகொண்டிருக்கிறதே, அதை வாங்குகிறவர்கள் யார்? காருக்கு முடிந்தது மெர்லினுக்கு முடியாதா? பானெட்டைத் திறக்க விட்டால் போதும், நான் சுடவே வேண்டாம்.

இதைச் சொன்னபோது அவன் ஒன்றும் பேசவில்லை. மறுபடி மூக்கை அழுத்தி, மறுபடி இருமவிட்டு, "அந்த அம்மா வெச்ச ஓட்டை எவ்வளவு பெருசுடா இருந்திருக்கும்?" என்று கேட்டான்.