கண்ணுக்கு மருந்து எழுதுவது யார்?



பிள்ளையின் கண் சிவந்தால் நம் வீடுகளில் முதலில் என்ன நடக்கிறது? தாய்ப்பால் இரண்டு சொட்டு விடுகிறோம். மாமி சொன்னார் என்று ஏதாவது இலையைப் பிழிகிறோம். மறுநாளும் குறையவில்லையென்றால், கடைக்குப் போகிறவரிடம் “கண்ணுக்கு ஒரு மருந்து வாங்கி வாங்க” என்று சொல்லி விடுகிறோம். பாமசியில் நிற்பவர் அந்தக் கண்ணைக் கண்டதே இல்லை. ஆனாலும் ஒரு சின்னப் போத்தல் வீடு வந்து சேர்கிறது.

மாங்கேணியையே எடுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலை வீதியில், வாழைச்சேனையையும் தாண்டி வாகரைக்குப் போகும் வழியில் உள்ள ஊர். மீன்பிடி, சேனை, கஜு என்று வெயிலிலும் காற்றிலும் உழைக்கிற மக்கள் வாழும் கரை. நெல் தூற்றினால் உமி பறக்கும். விறகு கொத்தினால் சிராய் தெறிக்கும். அங்கிருந்து மட்டக்களப்பு நகருக்குப் போய்க் கண் வைத்திய நிபுணரைக் காட்டி வர ஒரு முழு நாள் வேண்டும். ஒரு நாள் கூலியும் போகும். துணைக்கு ஆள் இல்லாத பெண் என்றால், “நாளைக்குப் பார்ப்போம்” என்று தள்ளிப்போடுவாள். கண்ணோ நாளைக்காகக் காத்திருப்பதில்லை.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தருகிறாரே ஒப்டோமெட்ரிஸ்ட், அவர் கண்ணைப் பற்றி முறையாகப் படித்தவர். டொக்டர் அல்ல, சத்திரசிகிச்சை செய்பவரும் அல்ல. ஆனால் கண்ணுக்குள் பார்க்கத் தெரிந்தவர். அவருக்குச் சில கண் மருந்துகளை எழுதும் உரிமையைக் கொடுத்தால் என்ன?

இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியா மாநிலம் 1976இலேயே இதற்குச் சட்டம் செய்தது. பிறகு மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. அவுஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 1996இல் வழிவிட்டது. பிரித்தானியாவில் 2008 முதல், தகுதி பெற்ற ஒப்டோமெட்ரிஸ்டுகள் சுயமாகவே மருந்து எழுதலாம். ஆனால் அங்கே பட்டம் மட்டும் போதாது. மேலதிகமாகப் படித்து, மேற்பார்வையின் கீழ் நேரடிப் பயிற்சி பெற்று, பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும்.

கண் வைத்தியர்கள் பலர் இதை எதிர்த்தார்கள், இன்றும் எதிர்க்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிவந்த கண் எல்லாம் ஒன்றல்ல. வெறும் கண்நோயாகவும் இருக்கலாம், அலர்ஜியாகவும் இருக்கலாம், கருவிழியில் புண்ணாகவும் இருக்கலாம், திடீரென்று அழுத்தம் ஏறும் குளுக்கோமாவாகவும் இருக்கலாம். ஆள் மாறி மருந்து எழுதினால் பார்வை போய்விடும் என்பதே அவர்களின் பயம்.

அந்தப் பயத்துக்குப் பெரிய காரணம் ஸ்டெரொயிட் கலந்த சொட்டு மருந்துகள். பெற்றாமெதசோன், டெக்சாமெதசோன் என்று போத்தலில் எழுதியிருக்கும். விட்ட உடனே சிவப்புக் குறையும். “நல்ல மருந்து” என்று பெயரும் எடுக்கும். ஆனால் இலையோ உமியோ கீறிய கண்ணில் பங்கசுக் கிருமி இருந்தால், இந்த மருந்து அதை வளர்த்துவிடும். மாதக்கணக்கில் விட்டால் கண்ணின் அழுத்தம் ஏறி நரம்பு கெடலாம், வெண்புரையும் வரலாம். அழுத்தத்தால் கெட்ட நரம்பு திரும்ப வராது.

சரி, இன்று அந்தப் போத்தலை நமக்குத் தருவது யார்? பல வேளைகளில் கடையில் நிற்பவர்தானே! படித்தவருக்கு உரிமை இல்லை. படிக்காதவர் கொடுப்பதைக் கேட்பார் இல்லை. இந்த நிலைதான் உண்மையான ஆபத்து.

நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. கிராமத்துத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கருவிழிக் கீறலைக் கண்டுபிடிக்கச் சாயத்தாளும் நீல ஒளி டோர்ச்சும் கொடுத்தார்கள். கீறல் பட்டவர்களுக்குக் குளோரம்பெனிக்கோல் களிம்பை நாளுக்கு மூன்று தடவையாக மூன்று நாட்கள் போட்டார்கள். 442 பேரில் 96 வீதமானோருக்குக் கிருமி தொற்றாமல் ஆறியது. 18 மணி நேரத்துக்குள் மருந்து போட்ட ஒருவருக்கும் புண் வரவில்லை. டொக்டர்களுமல்லாத, ஒப்டோமெட்ரிஸ்டுகளுமல்லாத சாதாரணக் கிராமவாசிகள் செய்த வேலை இது! அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு மருந்து, தெளிவான ஒரு விதி, முறையான பயிற்சி.

நம் நாட்டுக்கும் இது அந்நியமல்ல. முழு டொக்டர் இல்லாத ஊர்களில் அப்போதிக்கரி ஐயாமார் எத்தனை தலைமுறைக்கு மருந்து கொடுத்தார்கள் என்பதை உங்கள் மூத்தம்மாவிடம் கேளுங்கள். சட்டம் அவர்களுக்கு இடம் கொடுத்தது, எல்லையும் போட்டது.

ஆகவே கதவை முழுக்கத் திறக்கவும் வேண்டாம், முழுக்கப் பூட்டவும் வேண்டாம். மேலதிகப் பயிற்சியும் பரீட்சையும் முடித்த ஒப்டோமெட்ரிஸ்ட், கிருமிக்கும் அலர்ஜிக்கும் கண் வரட்சிக்கும் குறிப்பிட்ட சில மருந்துகளை எழுதட்டும். ஸ்டெரொயிட் நிபுணரிடமே இருக்கட்டும். இரண்டு நாளில் குணம் தெரியாவிட்டால் நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்புவது கட்டாயமாக இருக்கட்டும். கண்ணாடி விற்கும் கடைக்கு மருந்து விற்பனையில் இலாபம் இருக்கக் கூடாது. எழுதுகிறவரே விற்கிறவராகவும் இருந்தால் தேவையில்லாத போத்தல்தான் பெருகும்.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம்:

கண்ணில் எதுவும் தெறித்தால் உடனே சுத்தமான தண்ணீரால் நிறையக் கழுவுங்கள். சுண்ணாம்போ அமிலமோ பட்டால் கால் மணி நேரமாவது கழுவிய பிறகே வாகனம் தேடுங்கள். தாய்ப்பாலும் இலைச்சாறும் கண்ணுக்கு வேண்டாம். குழந்தைக்குச் சுறுமா இடாதீர்கள். பல சுறுமாக்களில் ஈயம் கலந்திருக்கிறது. ஒருவருக்கு எழுதிய சொட்டு மருந்தை இன்னொருவருக்கு விடாதீர்கள். திறந்து ஒரு மாதமான போத்தலை வீசிவிடுங்கள்.

கருவிழியில் வெள்ளைப் புள்ளி, பொறுக்க முடியாத வலி, மங்கும் பார்வை, வாந்தியோடு வரும் தலைவலி, பிறந்த சிசுவின் கண்ணில் சீழ், பிள்ளையின் கண்மணியில் வெண்மை: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பாமசிக்கு ஆள் அனுப்பாதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். கூலி நாளைக்கும் கிடைக்கும், சகோதரிகளே. போன பார்வையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.