ஓர் இரவுப் பனி

காலை நிகழ்ச்சியில் வானிலை சொல்வதும் என் வேலைகளில் ஒன்று. சிங்கப்பூரில் அது வாய்ப்பாடு ஒப்பிப்பது போலத்தான். 33 டிகிரி, பிற்பகலில் இடியுடன் கூடிய மழை. மறுநாளும் அதையே கொஞ்சம் குரலை மாற்றிச் சொல்வேன்.

போன மாதம் ஒருநாள் மாலை, லண்டனிலிருந்து அக்காவின் குரல்பதிவு வந்தது. "எல்லாம் போச்சுடா. ஒரே ராத்திரியில."

பயந்துவிட்டேன். பிறகுதான் படம் வந்தது. அவள் வீட்டுத் தோட்டத்து மக்னோலியா மரம். முந்தின நாள் வெளிர்சிவப்புக் கிண்ணங்களாக நிமிர்ந்து நின்ற பூக்கள், காய்ச்சி எடுத்த தேயிலை நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. உறைபனி!

மக்னோலியா நமக்கு அந்நியமில்லை. நம் செண்பகத்தின் தாவரவியல் பெயரே மக்னோலியா சம்பகாதான். இங்கே பூங்காக்களில் மணக்கும் வெள்ளைச் செண்பகமும் அதே குடும்பம். மலாய் நண்பர்கள் 'செம்பாக்கா' என்பார்கள்.

ஆனால் நம் செண்பகம் பச்சை இலைகளுக்கு நடுவே பூக்கும். அக்கா வீட்டு மரமோ இலை விடுவதற்கு முன்பே, வெறும் கிளையில் பூத்துவிடும். அந்த மொட்டுகள் முந்தைய கோடையிலேயே பிடித்தவை. மெல்லிய ரோமப் போர்வைக்குள் குளிர்காலம் முழுவதையும் தாங்கிவிடும். ஆபத்து, விரிந்த பிறகுதான். மார்ச் மாதத்து இளவெயிலை நம்பி மொட்டு அவிழும். பிறகு ஒருநாள் இரவு பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். இதழுக்குள் இருக்கும் நீர் உறைந்து, திசு சிதைந்து, பூ பழுப்பாகிவிடும். சின்னச் செடி என்றால் துணி போர்த்தலாம். மாடி உயரத்துக்கு வளர்ந்த மரத்தை என்ன செய்வது?

பனி செய்யும் வேலை தேக்காவுக்கும் தெரியும். மார்கழி, தை மாதங்களில் தமிழ்நாட்டில் மல்லிகை விளைச்சல் குறைந்து விலை ஏறும். கேம்பல் லேன் பூக்கடையில் கேட்டால், "ஊர்ல பனிங்க" என்பார்கள்.

அக்கா அழுதது பூவுக்காக மட்டும் இல்லை. மூன்று வருடங்களாக அப்பாவை அழைத்துக்கொண்டே இருக்கிறாள். "மரம் பூக்குறப்போ வாங்கப்பா." முதல் வருடம் எனக்குப் புது நிகழ்ச்சி. அடுத்த வருடம் விடுப்பு கிடைக்கவில்லை. இந்த வருடம் எந்தக் காரணமும் இல்லை. "அடுத்த வருஷம் போகலாம்ப்பா" என்று நானாகவே சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு 72 வயது. அவரைத் தனியாக அனுப்ப எங்களுக்கு மனமில்லை. அவரும் "சரிப்பா" என்றதோடு சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தேக்கா சந்தையில் பசியாறியபோது படத்தை அவரிடம் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மரம் செத்துடுச்சா?"

"இல்லப்பா, பூ மட்டும்தான். இனிமே இலை விடும். அடுத்த வருஷம் மறுபடி பூக்கும்."

"மரத்துக்கு அடுத்த வருஷம் இருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தேநீரை ஆற்றிக் குடித்தார்.

அவர் எந்த அர்த்தத்திலும் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்குத்தான் அந்தத் தோசை இறங்கவில்லை.

அன்றிரவே விடுப்புக்கு விண்ணப்பித்தேன். ஜூனில், இரண்டு வாரம். அக்காவிடம் சொன்னதும் அவளுக்கு மகிழ்ச்சியைவிடக் கவலைதான் முதலில் வந்தது. "ஜூன்லயா? அப்போ பூவே இருக்காதேடா, வெறும் இலைதான்."

"அடுத்த வருஷத்து மொட்டு கோடையிலதானே பிடிக்கும்? அதைப் பார்த்துட்டு வர்றோம்" என்றேன்.

அப்பா இப்போது தினமும் காலையில் என் வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டு, லண்டன் வானிலையையும் கேட்கிறார். கோடைதான், குளிராது என்று எத்தனை தடவை சொன்னாலும் நம்பவில்லை. நேற்று முஸ்தபாவுக்குப் போய் ஸ்வெட்டர் வாங்கி வந்துவிட்டார்.