சந்திரபாபுவைப் பூச்சாண்டி ஆக்காதீங்க

எங்க வீட்டுல பாட்டு, நடிப்புன்னு யாராவது வாயைத் தொறந்தா அப்பா ஒரே வரியில அடக்கிருவாரு. "ஏலே, சந்திரபாபு கதி தெரியும்லா?" உவரி அந்தோணியார் கோயில் திருவிழா நாடகத்துல வேஷம் கட்டின என் தம்பிக்கும் இதே வரிதான். அதோட அவன் மேடைப் பக்கமே போகல. இப்ப கப்பல்ல வேலை. ரொம்ப நாளா மனசுல கிடந்த ஆதங்கம், இன்னைக்கு எழுதிருதேன் மக்கா.

ஜே.பி.சந்திரபாபு எங்க கடற்கரைக்காரர். 1927-ல தூத்துக்குடியில பிறந்தவர். பேருல உள்ள பனிமயதாஸ், தூத்துக்குடி பனிமய மாதா கொடுத்தது. அப்பா சுதந்திரப் போராட்டக்காரர், பத்திரிகை நடத்தினவர். வெள்ளைக்காரன் குடும்பத்தையே கொழும்புக்கு அனுப்பிட்டான். அங்க வளர்ந்து, அப்புறம் மெட்ராஸ். 1947-ல 'தன அமராவதி'யில தலைகாட்டினாரு. அதுக்குப் பிறகும் வாய்ப்பு இல்லாம அலைஞ்சு, ஜெமினி ஸ்டூடியோவுல மயில்துத்தம் குடிச்சுட்டாரு. பிழைச்சு வந்தவருக்கு அதே ஜெமினியோட 'மூன்று பிள்ளைகள்' (1952) படத்துல வேஷம் கிடைச்சுது.

கதையை இங்க நிறுத்தி யோசிங்க. காமெடியன் தன் பாட்டைத் தானே பாடி, தானே ஆடினாரு. தமிழ்ப் பாட்டுல யோடலிங் கொண்டுவந்தாரு. 'சபாஷ் மீனா'வுல (1958) ரெட்டை வேஷம். அதுல ஒண்ணு ரிக்‌ஷாக்காரன். தூத்துக்குடியில பிறந்து கொழும்புல வளர்ந்தவர், மெட்ராஸ்காரனே அசந்துபோற மாதிரி மெட்ராஸ் பாஷை பேசினாரு. கண்ணதாசன் எடுத்த 'கவலை இல்லாத மனிதன்'ல (1960) அவரே நாயகன்.

ஆனா நம்மாளுக சொல்றது இதுவா? எம்.ஜி.ஆரை வெச்சு ஆரம்பிச்ச 'மாடி வீட்டு ஏழை' பாதியில நின்னது, அவரே இயக்கின 'தட்டுங்கள் திறக்கப்படும்' (1966) ஓடாதது, மாடி வரைக்கும் கார் ஏறுற மாதிரி கட்ட ஆரம்பிச்ச வீடு கைவிட்டுப் போனது, குடி, 1974-ல 46 வயசுல சாவு. எல்லாம் நெசந்தான். குடியையும் வாய்த்துடுக்கையும் நான் மறைக்கல. ஆனா கையில இருந்த காசை எல்லாம் படத்துலயே போட்டு தோத்தவரை, ஊதாரின்னு ஒரே வார்த்தையில முடிச்சுரலாமா? அவரு விழுந்ததைச் சொல்ற வாய், அந்த இருபது வருஷ உழைப்பையும் சேர்த்துச் சொல்லணும்லா?

இதையே அப்பாகிட்ட கேட்டேன். "கடலுக்குப் போன ஒருத்தன் திரும்பலன்னா, நாம வள்ளம் எறக்கறதையே விட்டுட்டமாப்பா?" பதில் இல்ல. வலையைப் பின்னிக்கிட்டே இருந்தாரு.

போன லீவுக்கு வந்த தம்பி, கப்பல் மாதா கோயில் பக்கம் கரையில நின்னு, சந்திரபாபு மாதிரியே யோடலிங் பண்ணிக் காட்டினான். சுத்தி நின்ன சின்னப் பயலுவ ஒரே கைதட்டு. அப்பாவும் அங்கதான் இருந்தாரு. அந்தப் பழைய வரியை மட்டும் சொல்லல.