மினிமம் டியூ: கோட்டு சூட்டு போட்ட மீட்டர் வட்டி

தெருவுல ஒருத்தர் "மூணரை ரூபா வட்டிக்குக் கடன் தர்றேன்"னு சொன்னா என்ன செய்வீங்க? பெரிய கும்பிடு போட்டுட்டு நடையைக் கட்டுவீங்க. ஆனா அதே மூணரை ரூபா வட்டிதான் இன்னைக்குப் பல கிரெடிட் கார்டுகள்ல ஓடிக்கிட்டு இருக்கு. மாசம் 3.5%. வருஷத்துக்கு 42%. அந்த வட்டிக்கு மேல 18% ஜிஎஸ்டி வேற.

நானும் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன் தோழர்களே. முதல் வேலை, முதல் கார்டு. ஆட்டோ பே போடும்போது 'மினிமம் டியூ'வைத் தேர்வு செஞ்சுட்டேன். மாசாமாசம் "பணம் செலுத்தியதற்கு நன்றி"ன்னு மெசேஜ் வந்துச்சு. கடன் அடைஞ்சுக்கிட்டு வருதுன்னு நிம்மதியா இருந்தேன். ஏழு மாசம் கழிச்சு ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பார்த்தா, கடன் கிட்டத்தட்ட அப்படியே உட்கார்ந்திருக்கு. இன்ஜினியரிங் படிச்ச எனக்கே இந்தக் கதின்னா மத்தவங்க?

கணக்கு இதுதான். பாக்கி 1,00,000 ரூபா. மினிமம் டியூ 5%னு வச்சுக்குவோம். நீங்க கட்டுறது 5,000. அந்த மாச வட்டி 3,500, ஜிஎஸ்டி 630. ஆக, அசலில் கழிவது வெறும் 870 ரூபாய்!

ஒரு பைசாவுக்குக்கூட புதுசா எதுவும் வாங்காம, இப்படியே ஒரு வருஷம் கட்டினா உங்க கையை விட்டுப் போனது சுமார் 57,200 ரூபா. மிச்சக் கடன்? சுமார் 90,000. அசல் பாதியாகவே ஆறரை வருஷத்துக்கு மேல ஆகும். இன்னொரு கொக்கியும் இருக்கு. பழைய பாக்கி இருக்கும்வரை, புதுசா வாங்கும் அரிசி பருப்புக்கும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி.

"செலவு பண்ணத் தெரியுது, கட்டத் தெரியாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கேள்வி. மினிமம் கட்டினவன் ஏமாத்தினவனா? வங்கி கேட்ட தொகையை, கேட்ட தேதிக்குள்ள கட்டினவன்தானே அவன்?

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பேர் சொல்லித் தடை செய்ய 2003-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் வங்கி வட்டி மாநிலத்தின் கைக்கு எட்டாது. அது ரிசர்வ் வங்கியின் எல்லை. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. வங்கிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. வட்டியை நிர்ணயிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2024 டிசம்பர் 20-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சரி, அதிகாரம் உள்ள ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்ததா? இல்லை. வட்டியை வங்கிகளே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை!

மினிமம் மட்டும் கட்டினால் கடன் வருஷக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையை ஸ்டேட்மென்ட்டில் போடச் சொல்லியிருக்கிறார்கள். அது எல்லோருக்கும் பொதுவான ஒரே வாக்கியம். அமெரிக்காவில் 2009-ல் வந்த சட்டப்படி, மினிமம் மட்டும் கட்டினால் உங்கள் பாக்கி தீர எத்தனை வருஷம், மொத்தம் எவ்வளவு என்று உங்கள் பில்லிலேயே அச்சடிக்க வேண்டும். அங்கே முடியும்போது இங்கே ஏன் முடியாது?

நம் கோரிக்கை இரண்டே இரண்டு:
1. கார்டு வட்டிக்கு உச்சவரம்பு.
2. ஒவ்வொருவர் பில்லிலும் அவரவர் கணக்கு.

ஒன்றிய அரசே, ரிசர்வ் வங்கியே, பதில் சொல்லுங்கள்!

அதுவரைக்கும் தோழர்களே, இன்னைக்கே உங்க ஆட்டோ பேயைத் திறந்து பாருங்க. 'டோட்டல் டியூ'ன்னு மாத்துங்க. முழுசா கட்ட முடியலையா? கார்டை உள்ள வைங்க. குறைஞ்ச வட்டியில வேற கடன் கிடைச்சா அதை வாங்கி இதை முதல்ல அடைங்க. சம்பளம் வாங்க ஆரம்பிச்ச தம்பி தங்கச்சிகளுக்கு இதை அனுப்புங்க.

#மினிமம்டியூமோசம் #கார்டுவட்டிக்குவரம்பு