வெறும் நிலம் என்று ஒன்று உண்டா? நகரம் கட்டும் கணினி விளையாட்டும் நம் பிள்ளைகளும்



அண்மையில் நடந்த பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு தாயார் என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தார். மகனின் மதிப்பெண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "டீச்சர், இவன் எந்நேரமும் கணினியில ஊரு கட்டிக்கிட்டே இருக்கான். நீங்க சொன்னாத்தான் கேட்பான், கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்றார். பக்கத்தில் நின்ற ஐந்தாம் ஆண்டு மாணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இப்படிப்பட்ட முறையீடு எனக்குப் புதிதன்று. 2020 ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது பாடத்திற்காக வீட்டுக்குள் நுழைந்த மடிக்கணினி, பாடம் பள்ளிக்குத் திரும்பிய பிறகும் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆசிரியர் அறையிலும் இதே பேச்சுதான். 'விளையாட்டு என்றாலே குப்பை, பிடுங்கி வையுங்கள்' என்பது ஒரு தரப்பின் தீர்ப்பு. 'அது அறிவு வளர்க்கும் விளையாட்டுதானே, பிள்ளை தானாகக் கற்றுக்கொள்வான்' என்பது மற்றொரு தரப்பின் சமாதானம்.

இரண்டு தரப்பும் தவறு என்பதே என் வாதம். முதல் தரப்பினர் அந்த விளையாட்டைப் பார்த்ததே இல்லை. இரண்டாம் தரப்பினர் அதைப் பாதிதான் பார்த்திருக்கின்றனர்.

இது என்ன விளையாட்டு?

வில் ரைட் என்ற அமெரிக்கர் 1984 ஆம் ஆண்டில் ஒரு போர் விளையாட்டை உருவாக்கினார். அதில் குண்டு போடுவதைவிட, குண்டு விழவேண்டிய தீவுகளில் சாலைகளையும் கட்டடங்களையும் அமைப்பதே அவருக்கு அதிக இன்பம் தந்தது. அந்த இன்பத்திலிருந்து பிறந்ததுதான் 1989 ஆம் ஆண்டு வெளிவந்த 'சிம்சிட்டி'. வெற்றியும் தோல்வியும் இல்லாத ஒரு விளையாட்டை யார் வாங்குவார்கள் என்று வெளியீட்டாளர்கள் தயங்கினர். உலகமே வாங்கியது. 2003 இல் 'சிம்சிட்டி 4' வந்தது. 2015 இல் பின்லாந்து நாட்டுச் சிறு நிறுவனம் ஒன்று 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' என்பதை உருவாக்கியது. என் மாணவன் விளையாடுவது இதைத்தான்.

ஆட்டக்காரர்தான் நகரத்தின் தலைவர். கையில் கொஞ்சம் பணம், ஒரு நெடுஞ்சாலை இணைப்பு, பரந்து கிடக்கும் நிலம் ஆகியவற்றோடு ஆட்டம் தொடங்கும். சாலை போட வேண்டும். குடியிருப்பு, வணிகம், தொழில் எனப் பகுதிகளைப் பிரிக்க வேண்டும். மின்சாரம், குடிநீர், பள்ளி, மருத்துவமனை அனைத்தையும் அமைக்க வேண்டும். வரி விதிக்கலாம், கடன் வாங்கலாம். வரவைவிடச் செலவு மிகுந்தால் கருவூலம் காலியாகும்.

அன்று மாலை அந்த மாணவனை அழைத்து, அவன் கட்டிய நகரத்தைக் காட்டச் சொன்னேன். உண்மையைச் சொல்கிறேன், வியந்து போனேன். விழுக்காடு கணக்கில் திணறும் அதே பையன், வரியை ஒரு விழுக்காடு உயர்த்தினால் எத்தனை பேர் நகரைவிட்டுப் போவார்கள் என்று எனக்கு விளக்கினான். தொடக்கத்தில் கழிவுநீர்க் குழாயை ஆற்றின் மேற்புறத்திலும் குடிநீர்க் குழாயைக் கீழ்ப்புறத்திலும் வைத்துவிட்டானாம். ஊர் முழுவதும் நோய். "அப்புறந்தான் டீச்சர், தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்தேன்" என்றான். கிள்ளான் ஆற்றைப் பற்றி நான் வகுப்பில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அவனுக்கு அது விளங்கியது இந்த விளையாட்டில்தான்.

எனவே, பிடுங்கி வைக்கச் சொல்வோரே! நீங்கள் பிடுங்குவது வெறும் பொழுதுபோக்கை அன்று.

ஆனால், அந்தப் புல்டோசர்...

பிறகு அவன் ஒரு புதிய விரைவுச்சாலை போட்டுக் காட்டினான். வழியில் வீடுகள் இருந்தன. திரையின் ஓரத்தில் இருந்த புல்டோசர் படத்தைத் தொட்டான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சொடுக்கு. ஒரு தெருவே மறைந்தது. நான்கு நொடிகூட ஆகவில்லை.

"அந்த வீட்டில் இருந்தவங்க எங்க போனாங்க?" என்று கேட்டேன்.

"தெரியல டீச்சர். போயிட்டாங்க."

"முதல்ல நீ ஊர் கட்ட ஆரம்பிச்சப்போ அங்க யார் இருந்தா?"

"யாரும் இல்ல டீச்சர். வெறும் காடுதான்."

அவன் சொன்னதில் பிழை இல்லை. விளையாட்டு அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால், அந்தப் பதில் என்னைச் சுட்டது. நான் பிறந்து வளர்ந்தது கிள்ளானுக்கு அருகில் ஒரு தோட்டத்தில். என் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. என் பதினாறாம் வயதில் எங்கள் லயத்து வீடுகளின் சுவரில் ஒரு கடிதம் ஒட்டப்பட்டது. தோட்டம் கைமாறிவிட்டது, குறிப்பிட்ட தேதிக்குள் வெளியேற வேண்டும் என்பது செய்தி. யாரும் எங்களிடம் எதையும் கேட்கவில்லை. அந்நிலத்தை வாங்கியவர் கையில் வைத்திருந்த வரைபடத்திலும் அது வெறும் பச்சைக் கட்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நம் பள்ளத்தாக்கில் வெறும் நிலம் இருந்ததா?

நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவைப் பாருங்கள். 1995 ஆம் ஆண்டு அங்கே கட்டுமானம் தொடங்கியது. ஏரியும் பாலங்களும் கொண்ட அழகிய நகரம், ஐயமில்லை. ஆனால், அது எழுந்த இடம் பிராங் புசார் தோட்டம். முதல் உலகப் போரில் ஈடுபட்ட பிரிட்டிஷ் படை வீரர்கள் 1921 இல் திறந்த தோட்டம் அது. 'பெரும் போர்' என்பதே அப்பெயரின் பொருள். அங்கும் பக்கத்துத் தோட்டங்களிலும் பல தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் டிங்கிலில் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அந்தக் கட்டடங்களின் குறைகளையும், தரை வீடு கேட்டு அம்மக்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்ததையும் நாளேடுகளில் நாம் படித்திருக்கிறோம்.

கோலாலம்பூரின் புக்கிட் கியாராவும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். 1980களில் அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் தற்காலிக வீட்டு வரிசைகளில் குடியமர்த்தப்பட்டன. பின்னாளில் அவர்களுக்கு நிரந்தர வீடு கட்டுவதோடு, அதே இடத்தில் உயர்ந்த கோபுர வீடுகளையும் எழுப்ப ஒரு திட்டம் வந்தது. பொதுப் பூங்கா பறிபோகும் என்று தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அத்திட்ட அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. பூங்கா காக்கப்பட்டது நல்லதே. ஆயினும், தீர்ப்பு வந்த அந்த நாளிலும் தோட்டக் குடும்பங்கள் நிரந்தர வீட்டுக்குக் காத்துக்கொண்டுதான் இருந்தன. பூங்காவுக்கும் ஞாயம் உண்டு, வீட்டுக்கும் ஞாயம் உண்டு. இப்படி ஒரு சிக்கல் அந்த விளையாட்டில் எப்போதாவது வருமா?

பிரிக்பீல்ட்ஸையே எடுத்துக்கொள்வோம். 1881 ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து கோலாலம்பூரை அழித்தன. அத்தாப்புக் கூரைக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் வேண்டும் என்ற ஆணை பிறந்தது. செங்கற்சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886 இல் கிள்ளான் பக்கம் இரயில் ஓடத் தொடங்கியது. இரயில்வே பணிமனையும் ஊழியர் குடியிருப்புகளும் வந்தன. தமிழகத்துத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அங்கே வேர்விட்டனர். பழைய இரயில் முற்றம் இருந்த 72 ஏக்கர் நிலத்தில்தான் 2001 இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. தீ, வெள்ளம், சட்டம், இரயில், கோபுரம் எல்லாம் இந்த ஒரே வட்டாரத்தின் வரலாற்றில் இருக்கின்றன. விளையாட்டிலும் இவை எல்லாம் உண்டு. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்தான் இல்லை.

விளையாட்டின் விதியை எழுதியவர் யார்?

'விளையாட்டு தானாகக் கற்பிக்கும்' என்போருக்கு ஒரு கேள்வி. அது எதைக் கற்பிக்கிறது?

வில் ரைட் தம் விளையாட்டை உருவாக்கும்போது, ஜே ஃபாரஸ்டர் என்ற பேராசிரியர் 1969 இல் வெளியிட்ட நகர இயக்கம் பற்றிய நூலைப் படித்து அதிலிருந்து கற்றார். நலிந்த நகரத்தில் ஏழைகளுக்கு மலிவு வீடு கட்டுவது நகரத்தை மேலும் நலிவாக்கும், பழைய குடியிருப்புகளில் ஒரு பகுதியை இடித்துத் தொழிலுக்கு இடம் தருவதே நல்லது என்பது அந்நூல் கண்ட முடிவு. அந்த முடிவு அன்றே கடும் கண்டனத்துக்கு உள்ளானது. விளையாட்டு அதை அப்படியே சொல்கிறது என்று நான் கூறவில்லை. ஆனால், நகரத்தைச் சமன்பாடாக மாற்றும் ஒவ்வொருவரும் தம் நம்பிக்கைகளையும் சேர்த்தே அதில் எழுதுகிறார். பிள்ளைக்கு அது இயற்கை விதிபோலத் தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டு. 'சிம்சிட்டி'யில் குடியிருப்புக்குப் பச்சை, வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு மஞ்சள். ஒரு நிலத்துக்கு ஒரு நிறந்தான். அமெரிக்க நகரமைப்பின் பழக்கம் அது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கீழே மளிகைக் கடையும் மேலே குடும்பமும் வாழ்ந்த கடைவீட்டுக்கு எந்த நிறம் பூசுவது? ஐந்தடி நடைபாதையில் பூக்கட்டும் அம்மாவுக்கு எந்த நிறம்? இன்னொன்றும் கேளுங்கள். 2013 இல் வந்த 'சிம்சிட்டி'யை வடிவமைத்தவர்கள், உண்மையான அளவில் வாகன நிறுத்துமிடங்களைக் காட்டினால் நகரம் பார்க்கச் சகிக்காது என்று அவற்றை மறைத்துவிட்டனர். ஆக, திரையில் தெரிவது ஒருவர் தேர்ந்து காட்டும் நகரம்.

விளையாட்டில் இல்லாதது நாட்டில் உண்டு

அந்த விளையாட்டில் ஆட்சேபம் தெரிவிக்கும் பொத்தான் இல்லை. நம் நாட்டில் இருக்கிறது! தீபகற்பத்தில் 1976 ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படியும், கோலாலம்பூரில் 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும், வட்டாரத் திட்ட வரைவுகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். நாம் ஆட்சேபம் எழுதித் தரலாம். கோலாலம்பூரின் 2040 வட்டாரத் திட்ட வரைவு 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வாறு பார்வைக்கு வைக்கப்பட்டது. நம்மில் எத்தனை பேர் சென்று பார்த்தோம்? நான் போகவில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகளின் ஊர் கட்டும் விளையாட்டைக் குறைகூறும் நாம், நம் ஊரைக் கட்டும்போது எங்கே இருந்தோம்?

நம் முன்னோர் இதைவிட விழிப்பாக இருந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960 இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்வெட்டும் கைகள் மாதம் பத்து வெள்ளி கட்டி, தோட்டங்களையே விலைக்கு வாங்கின. பிரிக்பீல்ட்ஸில் நாம் தோசை சாப்பிடப் போகும் சாலைக்கு அவர் பெயர்தான் வைக்கப்பட்டுள்ளது. நம் பிள்ளைகளுக்கு அது தெரியுமா?

நாம் செய்ய வேண்டியவை

1. நேரத்தைக் கட்டுப்படுத்துங்கள். கண்ணும் தூக்கமும் கெடும் என்ற பெற்றோரின் கவலை ஞாயமானதே. வீட்டுக் கூடத்தில், பலர் பார்க்க, நாளுக்கு ஒரு மணி நேரம் போதும்.

2. வாரம் ஒரு முறையாவது பக்கத்தில் அமருங்கள். புல்டோசரைத் தொடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: இங்கே யார் இருக்கிறார்கள்? அவர்கள் எங்கே போவார்கள்? அவர்களை யாராவது கேட்டார்களா?

3. தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்தின் பெயரைக் கேட்டு, அந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் தேடச் சொல்லுங்கள்.

4. ஆசிரியர்களே, ஒரு சனிக்கிழமை மாணவர்களைப் பிரிக்பீல்ட்ஸுக்கோ கிள்ளானுக்கோ அழைத்துச் செல்லுங்கள். கடைவீடுகளை எண்ணட்டும். முதியவர் ஒருவரிடம் பேசட்டும்.

5. அடுத்த திட்ட வரைவு பார்வைக்கு வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். நானும் வருவேன்.

அந்த மாணவனின் கதையை முடித்துவிடுகிறேன். இரண்டு வாரம் கழித்து வந்து மீண்டும் நகரத்தைக் காட்டினான். புதிய விரைவுச்சாலை ஒரு வீட்டு வரிசையைச் சுற்றி வளைந்து சென்றது. "சாலை நீளமாயிடுச்சு டீச்சர். செலவு கூட, நெரிசலும் கூட. நட்டந்தான்" என்றான் வருத்தமாக.

"ஆமா, நட்டந்தான்" என்றேன். அந்த நட்டத்தை அவன் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகும் அந்த வீடுகளை இடிக்கவில்லை. எனக்கு அது போதும்.

பெற்றோர்களே, நாளைய மாநகர் மன்ற அதிகாரியும் பொறியாளரும் வீட்டு மேம்பாட்டாளரும் இன்று உங்கள் கூடத்தில் அமர்ந்து சொடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். கணினியைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அமருங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.