போலந்தில் உக்ரேனிய அகதிகள்: வேலை உண்டு, வீடு?

போலந்தின் கிழக்கு எல்லையில் உள்ளது பிஷெமிஷல் ரயில் நிலையம். உக்ரைனின் 1,520 மில்லிமீட்டர் அகலப் பாதையும் ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதையும் சந்திக்கும் இடம். 2022 பிப்ரவரி 24-ந் தேதி ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்ததும் இங்கே வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. போர்க்காலச் சட்டப்படி 18 முதல் 60 வயது வரையிலான ஆண்கள் நாட்டை விட்டு வெளியேறத் தடை இருந்தது.

வந்தவர்களைப் போலந்து மக்கள் தம் வீடுகளிலேயே தங்கவைத்தனர். அப்படி இடம் கொடுத்தவர்களுக்கு, அகதி ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 ஸ்லாட்டி, அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 700 ரூபாய், சர்க்கார் கொடுத்தது. முதலில் 60 நாட்களுக்கு. பிறகு 120 நாட்களுக்கு. ஜூலையோடு பெரும்பாலோருக்கு அது நின்றது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அந்த ஜனங்கள் மாதக்கணக்கில் தாங்கினார்கள் என்பதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமல்ல.

அதைவிடப் பெரிய காரியம், 2022 மார்ச் 12-ந் தேதிச் சட்டம். தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டியதில்லை. வேலைக்கு அமர்த்தியதைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு முதலாளி தெரிவித்தால் போதும். பலன் என்ன? ஐ.நா. அகதிகள் அமைப்புக்காக டிலாய்ட் நிறுவனம் தயாரித்து 2025-ல் வெளியான அறிக்கைப்படி, வேலை செய்யும் வயதிலுள்ள இந்த அகதிகளில் 69 சதவீதத்தினர் வேலையில் இருந்தனர். 2024-ல் போலந்தின் மொத்த உற்பத்தியில் 2.7 சதவீதம் இவர்களால் கூடியதாம். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்ற பேச்சுக்கு இதுவே பதில். ஆனால் ஆசிரியை, கணக்காளர் என்று ஊரில் உத்தியோகம் பார்த்தவர்களில் பலர் இங்கே தரை துடைக்கிறார்கள், கிடங்கில் பெட்டி அடுக்குகிறார்கள்.

சிக்கல் கூரையில்தான். வார்ஸா போன்ற நகரங்களில் 2022-லேயே வாடகை கிடுகிடுவென ஏறிவிட்டது. வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கு இருந்தது சர்க்கார் விடுதி. 2023 மார்ச் முதல் அங்கேயும் கட்டணம் வந்தது. 120 நாட்களைத் தாண்டினால் பாதிச் செலவு. 180 நாட்களைத் தாண்டினால் முக்கால் பங்கு, நாளொன்றுக்கு 60 ஸ்லாட்டி வரை. மாதத்துக்கு 1,800 ஆகிறது. அப்போதைய குறைந்தபட்சச் சம்பளம், பிடித்தம் போகுமுன், 3,490. அதில் பாதிக்கு மேல் படுக்கைக்கே போனால் மிச்சம் எவ்வளவு என்று, வெளியூரில் அறை எடுத்துத் தங்கியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கர்ப்பிணிகள், முதியோர், உடல் ஊனமுற்றோருக்கு விலக்கு இருந்தது. ஆனால் இரண்டு குழந்தைகளைத் தனியே வளர்க்கும் தாய் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை.

குழந்தை ஒன்றுக்கு மாதம் 800 ஸ்லாட்டி உதவியும் அரசியலில் சிக்கியது. பெற்றோர் வேலை செய்தால்தான் தர வேண்டும் என்று சொல்லி, ஜனாதிபதி நவ்ரோட்ஸ்கி 2025 ஆகஸ்டில் அகதிகள் மசோதாவையே திருப்பி அனுப்பினார். அடுத்த மாதம் அந்த நிபந்தனையுடன் வந்த சட்டத்தில் கையெழுத்திட்டார். உழைக்கக் கூடியவர் உழைக்கட்டும் என்பதில் தவறில்லை. கைக்குழந்தையை எங்கே விட்டுவிட்டு உழைப்பது என்பதுதான் கேள்வி.

ஐரோப்பிய ஒன்றியம் அளிக்கும் தற்காலிகப் பாதுகாப்பை 2027 மார்ச் 4 வரை நீட்டிக்க 2025-ல் முடிவாயிற்று. வருஷத்துக்கு வருஷம் இப்படித் தவணையில் தங்கும் குடும்பத்துக்கு எந்த வீட்டுக்காரர் நீண்ட கால ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பார்?